துரைச்சாமி எழுத நினைத்த கடிதம்

தீவுச் சிறைன்னா நமக்கு அந்தமான்தான் ஞாபகம் வரும். மறவர் சீமைக்கு அது பினாங்கு.

1801 அக்டோபர் 24, மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். பிடிபட்டவர்களில் எழுபது பேருக்கு மேல் நாடுகடத்தல். சிவகங்கை அரசராக இருந்த பெரிய உடையணத் தேவரும், சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் அதில் உண்டு. பையனுக்கு வயசு 15.

தூத்துக்குடியில் அவர்களுக்குக் காவல் இருந்த அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். சண்டைக்கு முன்னாடி இதே வெல்ஷுக்கு வளரி வீசக் கத்துக்கொடுத்தவர் சின்ன மருது! பையனோட சங்கிலியைக் கொஞ்சம் லேசாக்கினார் வெல்ஷ். அவரால் முடிந்தது அவ்வளவுதான். 1802 பிப்ரவரியில் கப்பல் கிளம்பிவிட்டது.

1818இல் பினாங்கு போன வெல்ஷ் முன்னால் மெலிந்துபோன, கிழடு தட்டின ஒருத்தர் வந்து நின்றார். அடையாளமே தெரியலை. துரைச்சாமி! முப்பது சொச்சம் வயசுதான். கேட்டது ஒரே உதவி: ஊரில் மிச்சமிருக்கிற சொந்தங்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோகணும். விதிமுறை இடம் தராதுன்னு வெல்ஷ் மறுத்துவிட்டார்.

இத்தனையும் அவரே எழுதியிருக்கார், 1830இல் புத்தகமாவே வந்தது. 16 வருஷம் தீவில் கிடந்தவன் ஊருக்கு எழுத நினைத்தது என்னவா இருக்கும்? அதைத்தான் ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டிருக்கேன்.