கண்ணாடிக்குள் போர்க்களம்: ராணுவ வீரர்களின் மனக்காயத்தை ஆற்றும் வி.ஆர். சிகிச்சை... எப்படி வேலை செய்யுது?

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தால் ஊர்க்காரர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பழகிப்போன சத்தம். ஆனால் அதே சத்தத்தைக் கேட்டு, ரிட்டயர்டு ஆகி ஊருக்கு வந்த மிலிட்டரிக்காரர் ஒருவர் உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கினால்? "பட்டாளத்துல இருந்தவரு, இதுக்குப் போயி பயப்படுறாரே" என்று சிலர் சிரிக்கலாம். இது கோழைத்தனம் கிடையாது. மருத்துவத்தில் இதற்குப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு.

பி.டி.எஸ்.டி. என்றால் என்ன?

உயிருக்கு ஆபத்தான ஒரு சம்பவம் முடிந்த பிறகும், அது இன்னும் நடந்துகொண்டே இருப்பது போல மூளை நம்புவதுதான் பி.டி.எஸ்.டி. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. முக்கிய அறிகுறிகள்:

* சம்பவம் கண்முன் திரும்பத் திரும்ப வருவது, கெட்ட கனவு
* அதை நினைவுபடுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது
* எதிலும் பிடிப்பில்லாமல் போவது, "நான் மட்டும் ஏன் பிழைச்சேன்" என்ற குற்ற உணர்வு
* தூக்கமின்மை, எரிச்சல், சின்ன சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது

இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பலர் இதை மறைக்கக் குடிக்கிறார்கள். வீட்டில் குடிப்பழக்கம் மட்டும்தான் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் காயம் தெரியாது.

நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

2019 பிப்ரவரி 14, புல்வாமா. தற்கொலைத் தாக்குதலில் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 40 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்த சிவச்சந்திரன். அந்த கான்வாயில் சென்றவர்கள் 2,500-க்கும் மேல். அவர்கள் உயிரோடு திரும்பினார்கள், ஆனால் பார்த்ததை மறக்க முடியுமா? இலங்கைக்குப் போன அமைதிப்படை, 1999 கார்கில் போர், காஷ்மீர் பணி என ஒவ்வொரு காலத்திலும் இப்படித் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை.

வி.ஆர். சிகிச்சை எப்போது வந்தது?

1990-களின் இறுதியில், அமெரிக்காவின் அட்லாண்டாவில். உளவியலாளர் பார்பரா ராத்பாமும் கணினி வல்லுநர் லாரி ஹாட்ஜஸும் சேர்ந்து 'விர்ச்சுவல் வியட்நாம்' உருவாக்கினார்கள். ஒரு காட்சியில் ஹெலிகாப்டர் பயணம், இன்னொன்றில் காட்டுக்கு நடுவே வெட்டவெளி. பிறகு ஈராக், ஆப்கானிஸ்தானில் இருந்து திரும்பியவர்களுக்காக தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்கிப் ரிஸோ குழு 'பிரேவ்மைண்ட்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது.

சிகிச்சை அறையில் என்ன நடக்கும்?

வீரர் தலையில் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொள்வார். தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் காட்சியும் திரும்பும். சிகிச்சையாளர் பக்கத்திலேயே கம்ப்யூட்டரில் இருப்பார். வீரர் தன் சம்பவத்தை, இப்போது நடப்பது போல வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "ரோட்டுல போயிட்டிருக்கோம்" என்றால் ரோடு வரும். "சத்தம் கேட்டுச்சு" என்றால் சத்தம் வரும். சில மையங்களில் தரை அதிரும், டீசல் வாசனையும் வரும்.

இடையிடையே ஒரு கேள்வி: "பதற்றம் இப்போ பூஜ்யத்துல இருந்து நூறுக்குள்ள எவ்வளவு?" அந்த பதிலை வைத்துத்தான் காட்சியைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். முதல் நாளே குண்டுவெடிப்பைக் காட்ட மாட்டார்கள். பொதுவாக வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, சுமார் 10 அமர்வுகள்.

ஏன் மறுபடியும் அங்கேயே கூட்டிட்டுப் போகணும்?

கிணற்றில் மூழ்கப் போய் தப்பித்தவர் அதன் பிறகு கிணற்றுப் பக்கமே போகாவிட்டால், பயம் அப்படியே இருக்கும். நம்பிக்கையான ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி, படிப்படியாக இறக்கிவிட்டால் பயம் தணியும். நினைவும் அப்படித்தான். ஒதுங்க ஒதுங்க வளரும். பாதுகாப்பான இடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னால், "அது முடிஞ்சு போச்சு" என்று மூளை மெல்லப் புரிந்துகொள்ளும்.

இங்கே கயிறு என்பது சிகிச்சையாளர்தான், கண்ணாடி இல்லை. அதனால் வீட்டில் வி.ஆர். கேம் விளையாடுவதோ, போர் வீடியோ பார்ப்பதோ சிகிச்சை ஆகாது. நிலைமை மோசமாகவும் வாய்ப்புண்டு.

உண்மையிலேயே பலன் இருக்கா?

இருக்கிறது. ஆனால் அதிசயம் இல்லை. அமெரிக்க ராணுவத்தினர் 162 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. வி.ஆர். சிகிச்சை பெற்றவர்களும் சரி, கண்ணை மூடிச் சம்பவத்தை விவரிக்கும் சாதாரண பேச்சு சிகிச்சை பெற்றவர்களும் சரி, சிகிச்சையே இல்லாமல் காத்திருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சாதாரண பேச்சு சிகிச்சையே ஒரு படி மேலே இருந்தது.

நமக்கு இதில் பெரிய நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. வி.ஆர். கண்ணாடி நம்ம ஊருக்கு வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற மனநல மருத்துவரும் உளவியலாளரும் இருந்தால் போதும். தேவைப்பட்டால் மாத்திரைகளும் உதவும்.

பெரம்பலூர், அரியலூரில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

* 14416-க்கு போன் செய்யுங்கள். இது 2022-ல் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ். 24 மணி நேரமும், தமிழிலும், இலவசம்.
* அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் ஆலோசனையும் மருந்தும் கிடைக்கும்.
* முப்படை ஓய்வூதியதாரர் என்றால் இ.சி.எச்.எஸ். அட்டை மனநல சிகிச்சைக்கும் பயன்படும். விவரத்துக்கு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

தூக்கத்தில் அலறினால் தொட்டு உலுக்காதீர்கள். சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று தோண்டாதீர்கள். பட்டாசு வெடிக்கப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "நான் இல்லாமலே போயிருக்கலாம்" என்று அவர் பேச ஆரம்பித்தால், தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குண்டடி பட்ட காலுக்குக் கட்டுப் போட யாரும் வெட்கப்படுவதில்லை. மனசுல பட்ட அடிக்கும் அதே மருந்து நியாயம்தான்.