பேஸ்புக்கில் வாக்குரிமை இருந்த காலம்

பேஸ்புக்கில் ஒருகாலம் எங்களுக்கு வாக்குரிமை இருந்தது எண்டு சொன்னால் இப்ப பலர் நம்பமாட்டார்கள். 2009 முதல் 2012 வரை, விதிகளை மாற்ற முன்னர் பாவனையாளர்களிடம் வாக்குக் கேட்கும் ஏற்பாடு அங்கே இருந்தது.

அது ஒரு கோபத்தில் பிறந்தது. 2009 பெப்ரவரி 4 அன்று பேஸ்புக் தன் பாவனை விதிகளை மாற்றியது. நாங்கள் ஒரு படத்தை நீக்கினால், அதைப் பயன்படுத்த நிறுவனத்துக்கு இருந்த உரிமையும் முடிந்துவிடும் என்ற வரி பழைய விதியில் இருந்தது. புதியதில் அந்த வரி இல்லை. பெரும்பாலான ஆக்களுக்கு இது தெரியவேயில்லை. பதினொரு நாள் கழித்து 'கன்ஸ்யூமரிஸ்ட்' என்ற நுகர்வோர் வலைத்தளம் எழுதிய பிறகுதான் விசயம் வெளியில் வந்தது.

மார்க் சக்கர்பேர்க் விளக்கம் சொன்னார்: நீங்கள் நண்பருக்கு அனுப்பிய செய்தி, நீங்கள் விலகினாலும் அவரிடம் இருக்கத்தானே செய்யும்? அதைப் பிழை எண்டு சொல்லேலாது. ஆனால் விளக்கம் வந்தது மாற்றத்துக்குப் பிறகு, அதுவும் ஆக்கள் கொதிச்ச பிறகு. சில நாட்களிலேயே பழைய விதிகள் திரும்பி வந்தன.

அதன் பின்னர்தான் வாக்கெடுப்பு வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: பாவனையாளர்களில் 30 வீதமானவர்கள் வாக்களித்தால் மட்டுமே முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். இல்லாவிட்டால் அது வெறும் ஆலோசனை.

2009 ஏப்ரலில், 200 மில்லியன் பாவனையாளர்கள் இருந்தபோது, வாக்களித்தவர்கள் ஏழு இலட்சத்துக்கும் குறைவு. 2012 டிசம்பரில் கடைசி வாக்கெடுப்பு நடந்தது. இந்த வாக்குரிமையையே எடுத்துவிடலாமா என்பதும் அதில் ஒரு கேள்வி. 668,872 பேர் வாக்களித்தார்கள். அதில் 589,141 பேர், கிட்டத்தட்ட 88 வீதம், மாற்றங்கள் வேண்டாம் என்றார்கள். ஆனால் அப்போது பாவனையாளர்கள் ஒரு பில்லியன். முடிவு கட்டுப்படுத்த 300 மில்லியன் வாக்குகள் வேண்டும். வாக்குரிமை போய்விட்டது.

எழுத்துப்படி பார்த்தால் 2012இல் குறை சொல்ல இடமில்லை. முன்கூட்டியே அறிவித்தார்கள், கருத்துக் கேட்டார்கள், வாக்கும் எடுத்தார்கள். ஆனாலும் 88 வீதமானவர்கள் சொன்னது நடக்கவில்லை. எட்டவே முடியாத உயரத்தில் வைத்த உரிமையை உரிமை எண்டு எப்படிச் சொல்லுறது?

இரண்டு சம்பவங்களையும் சேர்த்துப் பார்க்கவேணும். 2009இல் சொல்லாமல் மாற்றியது அநியாயம். 2012இல் சொன்னார்கள், ஆனால் முடிவு உண்மையில் யார் கையில் என்பதை மறைத்தார்கள். இரண்டாவதுதான் நம்பிக்கையைக் கூடச் சேதப்படுத்தும். ஒருமுறை கேட்டும் பலனில்லை என்றானவர்கள் அடுத்தமுறை வாய் திறக்கமாட்டார்கள்.

எங்களில் பலர் ஒரு வட்ஸ்அப் குழுவையோ, வாசிப்பு வட்டத்தையோ, ஊர் விளையாட்டுக் கழகத்தையோ நடத்துகிறோம். விதியை மாற்றும்போது முன்பு என்ன இருந்தது, இனி என்ன, ஏன், எந்தத் திகதியிலிருந்து என்பதைச் சாதாரண தமிழில் முதலே சொல்லிவிடலாம். முடிவு ஏற்கெனவே எடுத்தாச்சு எண்டால் அதையும் சொல்லுங்கோ. ஆக்கள் கோபப்படுவினம்தான். ஆனால் தாங்கள் எங்கே நிற்கிறோம் எண்டாவது அவைக்குத் தெரியும்.