வன்னி வேளாண்மையில் உழைப்பாளர்: பிரதேச வேறுபாடும் அதன் காரணங்களும்

வன்னிப் பெருநிலப்பரப்பு நெல் விளையும் பூமியென ஒரே சொல்லிற் குறிக்கப்படுவதுண்டு. ஆயின் அந்நெல்லை விளைவித்த உழைப்பு அங்கு எல்லா இடத்தும் ஒரே தன்மையினதாய் இருந்ததில்லை. நீர், நிலவுரிமை, குடியுரிமை என்னும் மூன்றும் இவ்வேறுபாட்டின் பிரதான காரணங்களாகும்.

வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளின் பழைய கிராமங்கள் சிறு குளங்களை அண்டி எழுந்தவை. மாரி மழையும் குளத்து நீரும் பெரும்பாலும் காலபோகத்துக்கே போதியனவாயிருந்தன. மலேரியாவினால் சனத்தொகையும் குறைவாயிருந்தது. நிலம் மிகுந்து ஆள் அருகிய இச்சூழலிற் கூலியாட்கள் பெருமளவிற் பெருக இடமிருக்கவில்லை. குடும்பத்தினரும் உறவினரும் ஒருவர் வயலில் மற்றவர் மாறிமாறி இறங்கி, அருவி வெட்டையும் சூடு மிதிப்பையும் நிறைவேற்றினர்.

1984 இல் தனி மாவட்டமான கிளிநொச்சியின் நிலை வேறு. இரணைமடுக் குள வேலை 1902 இல் தொடங்கப்பெற்றது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் பின், யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து குடியேற்றவாசிகள் வந்தனர். 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பினால் மலேரியா தணிய, குடியேற்றம் விரைவுற்றது. பெருங்குளத்து நீர் சிறுபோகத்துக்கும் ஓரளவு வழிசெய்தது. குடும்ப உழைப்பு மட்டும் அதற்குப் போதவில்லை. மேலும், காணியைத் துண்டாடாது ஒரு பின்னுரித்தாளிக்கே கையளிக்கும் முறையினால், குடியேறியோரின் ஏனைய பிள்ளைகள் பலர் காணியற்றோராயினர்.

1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் உபஉணவுப் பயிர்ச்செய்கை செழித்தது. களையெடுப்பும் பழம் பிடுங்கலும் பல கைகளை வேண்டின. தோட்டப்புறப் பட்டினியும் 1977 ஆம் ஆண்டு வன்செயலும் மலையகத் தமிழர் பலரை வன்னிக்குத் தள்ளின. அதே ஆண்டிற் பதவியேற்ற அரசு இறக்குமதியைத் தளர்த்தியமையால் விளைபொருள் விலை வீழ்ந்தது. ஆள் பெருகிய வேளையிலேயே வேலைக்கான ஆதாரம் தளர்ந்தது.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களுட் பலரை நாடற்றோராக்கியிருந்தது. நாடற்றோர் அரச காணி பெறத் தகுதியற்றோர். எனவே காடழித்துக் குடியமர்ந்தோரும் அனுமதிப்பத்திரமின்றி, அயலார் வயலில் நாட்கூலிகளாயினர். 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. ஆனால் பிரசாவுரிமையோடு காணியும் தானே வந்துவிடுவதில்லை.

ஆகவே, ஓரிடத்தில் உரித்தாளரும் வேறோரிடத்திற் கூலியாளரும் மிகுந்தமைக்கு மண்வளத்தை மட்டும் காரணங்காட்டுதல் பொருந்தாது. எவருக்கு, எக்காலத்தில், எவ்வுரிமையோடு நிலம் கிடைத்தது என்பதே வன்னி வேளாண்மை வரலாற்றின் அடிப்படை வினாவாகும்.