பப்பாளி மாவுப்பூச்சி

பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்னும் அறிவியல் பெயர் கொண்ட சாறுறிஞ்சிப் பூச்சி. தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 1955-இலேயே மெக்சிகோவில் சேகரிக்கப்பட்டிருந்தாலும், வில்லியம்சும் கிரனாரா டி வில்லிங்கும் இதற்குப் பெயரிட்டு விவரித்தது 1992-இல்தான். சொந்த மண்ணில் இயற்கை எதிரிகள் அடக்கி வைத்திருந்ததால் அதுவரை யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. 2002-இல் மில்லர் என்ற பெயர் கொண்ட இரு ஆய்வாளர்கள் இளம்பருவங்களையும் ஆண் பூச்சியையும் சேர்த்து மீண்டும் விரிவாக விவரித்தனர். உயிருள்ளபோது உடல் மஞ்சள் நிறம்; ஆல்கஹாலில் இட்டால் நீலக்கறுப்பாகிவிடும். ஆய்வகத்தில் இது கைகொடுக்கும் அடையாளம்.

1990-களில் கரீபியன் தீவுகளிலும், 1998-இல் புளோரிடாவிலும், பின்னர் குவாம், பலாவ், ஹவாய் தீவுகளிலும் தென்பட்டது. 2008-இல் கோயம்புத்தூருக்கு வந்தது. இலங்கையில் கண்டறியப்பட்டதும் அதே ஆண்டில்தான். செடி, பழப் போக்குவரத்தே இதைக் கடல் கடத்தியது.

பெண்ணுக்கு இறக்கை இல்லை. பஞ்சு போன்ற பையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மெழுகுப் பூச்சும் இந்தப் பையும் மருந்தை ஒட்டவிடுவதில்லை. இது கழிக்கும் இனிப்பு நீரைத் தேடி எறும்புகள் மொய்க்கும். இலைமேல் கரும்பூசணம் படரும். குருத்து சுருண்டு காய் உதிரும். பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, பருத்தி, கொய்யா, செம்பருத்தி, வரப்போரப் பார்த்தீனியம் வரை பரவியது. கொங்கு மண்டலத்தில் பெரிய அடி மல்பெரிக்கு. மருந்தடித்த இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துவிடும் என்பதால் பட்டு விவசாயிக்குத் தெளிக்கவும் வழியில்லை. மற்றவர்கள் மாற்றி மாற்றி அடித்த மருந்தோ, பூச்சியை விட்டுவிட்டு அதன் எதிரிகளைத்தான் ஒழித்தது.

விடிவு தந்தவை குளவிகள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவி இனங்கள் பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டன; அக்டோபரில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் விடப்பட்டன. மூன்றில் வாகை சூடியது அசெரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இக்குளவி இளம்பூச்சிக்குள் முட்டையிடும். உள்ளிருந்து தின்று வளர்ந்த பின், பழுப்பேறி உப்பிய கூட்டில் வட்டத்துளையிட்டு வெளியேறும். ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் மீண்டன.

இன்று மாவுப்பூச்சி அங்கங்கே சிறு அளவில் காணப்படுகிறது. 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டுச் சேலம், நாமக்கல் வயல்களைத் தாக்கிய மரவள்ளி மாவுப்பூச்சி வேறு இனம். அதற்கெதிராகவும் குளவியே தருவிக்கப்பட்டு 2022-இல் விடப்பட்டது.