உழுத நிலமும் உழுத மனமும்

தமிழில் நிலத்தையும் பண்படுத்தலாம், மனதையும் பண்படுத்தலாம். இலத்தீன் மொழியிலும் அப்படித்தான். 'கல்ச்சர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான 'குல்தூரா' முதலில் உழவையே குறித்தது. கி.மு. 160 வாக்கில் ரோமானியரான கேட்டோ எழுதிய வேளாண்மை நூலின் பெயரிலேயே அச்சொல் உண்டு.

அதை மனதுக்குப் பொருத்தியவர் சிசரோ. கி.மு. 45-இல் அவருடைய மகள் துல்லியா இறந்தாள். தத்துவத்தில் ஆறுதல் தேடிய சிசரோ அதே ஆண்டு 'தஸ்குலம் உரையாடல்கள்' என்ற நூலை எழுதினார். எவ்வளவு வளமான நிலமும் உழாமல் விளையாது. கல்லாத மனமும் அப்படியே என்பது அவர் வாதம். தத்துவம் தீய குணங்களை வேரோடு களைந்து மனதை விதைப்புக்குத் தயாராக்குகிறது என்றார். உழுத நிலமெல்லாம் விளைந்துவிடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அந்த ரோமானிய வயலை உழுதது யார்? கேட்டோவின் பண்ணையில் அறுவடை போன்ற வேலைகளுக்குக் கூலியாட்கள் வந்தார்கள். ஆண்டு முழுவதும் உழைத்தவர்கள் அடிமைகள். வயதான, நோயுற்ற அடிமையை விற்றுவிடும்படி கேட்டோவின் நூலே சொல்கிறது. பழைய வண்டி, தேய்ந்த கருவிகளோடு அவனும் அந்தப் பட்டியலில் இருக்கிறான்.

ஒரு சமூகம் பண்பட்டதா என்று பார்க்க அதன் நூல்கள் மட்டும் போதாது. அதன் நிலத்தைப் பண்படுத்தியவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.