பல்லுக்கும் பைப்புக்கும் நடுவே

பைப் பிடிப்பவர்களின் மேசையில் புகையிலை டப்பா, சாம்பல் கிண்டும் கம்பி, தீப்பெட்டி எல்லாவற்றுக்கும் இடையில் ஒரு சின்னப் பொட்டலம் கிடக்கும். உள்ளே விரல்நுனி அளவில் கறுப்பு ரப்பர் உறைகள். பைப்பின் வாய்முனையில் மாட்டிக்கொண்டால் கடித்த தடம் விழாது, பல்லிலிருந்து நழுவாது. காசு பெறாத சாமான்தான். ஆனால் அதன் வம்சாவளியைத் தேடினால் ஒரு கொலை வழக்கு வரை போகிறது.

ரப்பர் வருவதற்கு முன் பல்தான் தேய்ந்தது. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் மூட்டை தூக்குகிறவர், மண் வெட்டுகிறவர் எல்லாரும் குட்டையான களிமண் பைப்பைப் பல்லிலேயே கவ்விக்கொண்டு வேலை பார்த்தார்கள். கை காலியாக இருந்தால்தானே பிழைப்பு? சுட்ட களிமண் அரம் போல ராவும். வைட்சாப்பலில் 1843 முதல் 1854 வரை பயன்பாட்டில் இருந்த ஒரு கல்லறைத் தோட்டத்தைத் தோண்டியபோது, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்த பிறகும் நடுவே வட்டமாக ஓட்டை தெரியும் மண்டையோடுகள் கிடைத்தன. பைப் இருந்த இடம் அது. களிமண் உதட்டில் ஒட்டாமலிருக்க முனையை மெழுகில் தோய்த்தார்கள். பல்லுக்குப் பிடி கிடைக்க நூல் சுற்றிக்கொண்டவர்களும் உண்டு. நம் ரப்பர் உறைக்குப் பாட்டன் அந்த நூல்தான்.

1850களுக்குப் பிறகு பிரான்சின் ஜூரா மலைப்பக்கம் உள்ள சென்ட் குளோத் ஊரில் பிரையர் மரக்கட்டையில் பைப் கடைந்தார்கள். மத்தியதரைக் கடலோரப் புதர் ஒன்றின் வேர்முண்டு அது, தணலுக்கு அசராது. கிண்ணத்துக்குக் கட்டை கிடைத்தது, வாய்முனைக்கு என்ன செய்வது? மரப்பிசின் இறுகிய அம்பர் அழகு, ஆனால் விலை அதிகம், கடித்தால் விரிசல் விடும். மாட்டுக்கொம்பு எச்சிலில் ஊறிச் சிலும்பும்.

விடை கந்தகத்தில் இருந்தது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் வெயிலில் இளகாது, குளிரில் வெடிக்காது என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தார். நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் என்றால் நெகிழும் ரப்பர். முப்பதுக்கு மேல் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்தால் கொம்பு போலக் கெட்டியாகிவிடும். அதற்கு அவர் தம்பி நெல்சன் 1851இல் காப்புரிமை பெற்றார். வல்கனைட், எபோனைட் என்று இரண்டு பெயர். கறுகறுவென்று மெருகேறும், சூடு காட்டினால் வளையும், பல்லுக்கு இதமாக இருக்கும். பைப் தொழில் இதைப் பிடித்துக்கொண்டது.

இதே வல்கனைட்டைப் பல் வைத்தியர்களும் பிடித்துக்கொண்டார்கள். தங்கத் தகட்டில் பல்செட்டு கட்டிக்கொள்ள வசதியில்லாதவர்களுக்கு, சிவப்புச் சாயம் ஏற்றிய வல்கனைட் ஈறு மலிவாகக் கிடைத்தது. 1864இல் அதற்கும் காப்புரிமை வந்தது. குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி ஊர் ஊராக வைத்தியர்களிடம் கட்டணம் கேட்டது. கொடுக்காதவர்கள் மேல் வழக்குப் போட்டது. கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனை, வழக்கில் சிக்கி நொந்துபோன சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் வைத்தியர் 1879 ஏப்ரல் 13 அன்று சான் பிரான்சிஸ்கோ ஹோட்டல் ஒன்றில் சுட்டுக் கொன்றார். அன்று ஈஸ்டர் ஞாயிறு.

ஆக, பல்செட்டு கட்டியவர் வாயில் ரப்பர் ஈறு. அவர் கவ்வுவது பைப்பின் ரப்பர் தண்டு. இரண்டுக்கும் ஆகாது. ஈறில் பதித்திருப்பது பீங்கான் பல், தண்டில் பட்டால் வழுக்கும். முன்னால் தொங்கும் பைப்பின் கனம் தகட்டை நெம்பிக் கிளப்பும். சமாதானம் பேச வந்த மூன்றாவது ரப்பர்தான் இந்த மெத்தென்ற உறை. காப்பதெல்லாம் தண்டையும் பல்லையும்தான். புகை உதட்டுக்கும் நாக்குக்கும் செய்வதை அது தடுக்காது.

இந்த ரப்பர்களுக்கெல்லாம் ஆரம்பத்தில் மூலம் அமேசான் காட்டு மரங்களின் பால்தான். ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்; முளைத்த கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன, அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு. முதல் உலகப் போர் தொடங்கும் சமயத்தில் தோட்டத்து ரப்பர் காட்டு ரப்பரை முந்திவிட்டது. மலாயாத் தோட்டங்களில் இருட்டு விலகுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, மரம் சீவி, மங்குக் கிண்ணத்தில் பால் சேர்த்தவர்களில் பெரும்பகுதி நம் தமிழ் ஜனங்கள். பாலை அமிலம் விட்டு உறைய வைத்து, தகடாக உருட்டி, விறகுப் புகையில் நாள்கணக்கில் தொங்கவிடுவார்கள். பைப்காரர் கைக்கு வருமுன்பே ரப்பர் ஒருமுறை புகை குடித்தாயிற்று.

உறையை மாட்டுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. வெந்நீரில் போட்டு, இளகியதும் விரித்து, தண்டு முனையின் விளிம்பு மேட்டைத் தாண்டி இழுக்க வேண்டும். உறையின் துளையும் தண்டின் துளையும் நேராக நிற்காவிட்டால் புகை இழுபடாது. டப்ளின் பீட்டர்சன் கம்பெனியின் பி-லிப் வாய்முனையில் துளை மேல்பக்கம் இருக்கிறது, புகை நாக்கைச் சுடாமல் அண்ணத்துக்குப் போகட்டும் என்று. சாதாரண உறையை மாட்டினால் அந்தத் துளையே அடைபட்டுவிடும். மாட்டியதைக் கழற்றாமலே விடுவது இன்னொரு தப்பு. உள்ளே எச்சில் தேங்கி நாறும். வெயில் பட்ட வல்கனைட் பாசிப்பச்சையாக வெளிறி, வாயில் கந்தகம் கசக்கும்; உறை மூடிய பகுதி மட்டும் கறுப்பாகவே நிற்க, தண்டு இரட்டை நிறமாகிவிடும்.

என்னைக் கேட்டால், உறை இல்லாத தண்டுதான் லட்சணம். மெல்லிய வாய்முனையை அரம் போட்டு அரம் போட்டு இழைத்தவன் பாடுபட்டதே வாயில் இருப்பது தெரியக்கூடாது என்றுதான். அதன்மேல் தடித்த ரப்பரை மாட்டினால் அந்த வேலை வீண். ஆனாலும் பழைய பைப்பின் தண்டைக் கடித்து ஓட்டையாக்குவதைவிட இது மேல்.

1930களின் கடைசியில் பல்செட்டுக்கு அக்ரிலிக் வந்தது. வல்கனைட் ஈறு மெல்ல ஒழிந்தது. பைப் தண்டிலும் அக்ரிலிக் பரவிவிட்டது. அது பச்சை பூக்காது, கந்தகம் கசக்காது. ஆனால் வல்கனைட்டைவிடக் கெட்டி, பல்லில் டக்கென்று இடிக்கும். அதனால் உறைக்குக் கிராக்கி குறையவில்லை. கோரைப்பல் பதியும் இடத்தில்தான் முதலில் கிழியும்; கிழிந்ததை உரித்துப் போட்டுவிட்டு, பொட்டலத்திலிருந்து அடுத்ததை எடுத்து வெந்நீரில் போடுகிறார்கள்.