தரைத்தளத்தில் தூங்கும் வண்டிகள்

பி பிளாக் லிஃப்டைத் தாண்டி ஜெனரேட்டர் அறைக்குப் போகும் வழியில், துணி போர்த்திய ஒரு வரிசையைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் அதற்குப் ‘பேய் வரிசை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போன மாதம் கமிட்டி எண்ணியதில், மாதக்கணக்காக நகராத இருசக்கர வண்டிகள் நம் வளாகத்தில் 11. அதில் நான்கு என்னுடையவை. வரும் பொதுக்குழுவில் இவற்றை என்ன செய்வது என்று முடிவு செய்யப் போகிறோம். அதற்கு முன், இந்தப் பழைய மோட்டார் சைக்கிள் ஆசை எப்படி வந்தது, ஏன் இத்தனை இடத்தையும் பணத்தையும் கேட்கிறது என்று எழுதலாம் என நினைத்தேன். குற்றவாளியே எழுதும் வரலாறு என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் வளர்ந்தது சிதம்பரத்தில். தெருவைப் பார்த்த திண்ணை, அதைத் தாண்டினால் ரேழி, அப்புறம் கூடம். அப்பாவின் புல்லட் இரவில் ரேழியில் நிற்கும். வாசற்படியில் ஒரு பலகையைச் சாய்த்து, நானும் அண்ணனும் பின்னால் தள்ள, அப்பா ஏற்றுவார். 1974 மாடல். அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு வண்டிதான். இன்னொன்றை வைக்க ரேழியில் இடமும் இல்லை, வாங்கக் கையில் காசும் இல்லை.

காசு இருந்தாலும் நினைத்தவுடன் வண்டி கிடைக்கிற காலமும் இல்லை அது. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் இங்கிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த புல்லட்டைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு இங்கேயே முழுதாகச் செய்தார்கள். மைசூரில் ஐடியல் ஜாவா, வடக்கே எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத். மோட்டார் சைக்கிள் என்றால் கிட்டத்தட்ட இந்த மூன்றுதான். உற்பத்திக்கு லைசென்ஸ், இறக்குமதிக்குத் தடை. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் நம் சீனியர் சிட்டிசன் வட்டத்திலேயே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அப்படிக் கிடைத்த வண்டியை யாரும் ‘சேகரிக்க’ மாட்டார்கள். உழைக்க வைப்பார்கள். என்ஃபீல்டு டீசல் புல்லட் கூடச் செய்தது. 325 சிசி எஞ்சின், வேகம் சொற்பம், சத்தம் ஊரைக் கூட்டும். ஆனால் எண்ணெய்ச் செலவு குறைவு என்பதற்காக வாங்கினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், புல்லட்டைப் பழைமைக்காக விரும்பி வாங்கியவர்கள் முதலில் வெளிநாட்டுக்காரர்கள். ராயல் என்ஃபீல்டின் பிரிட்டிஷ் உற்பத்தி 1970 வாக்கில் முடிந்துபோனது. திருவொற்றியூரில் மட்டும் அதே பழைய வடிவம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. 1977இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. என் அப்பா புவனகிரிக்கும் பரங்கிப்பேட்டைக்கும் வேலைக்காக ஓட்டிய அதே வண்டியை, அங்கே ஒருவர் தன் இளமைக்கால நினைவுக்காக ஞாயிற்றுக்கிழமை ஓட்டினார்.

நம் ஊரில் அந்த ஏக்கம் வர இன்னும் 20 ஆண்டுகள் ஆயின. 1980களில் ஜப்பான் கூட்டு வந்தது. 1984இல் இண்ட்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்எக்ஸ் 100ம். அண்ணாமலைநகரில் நான் படித்தபோது ஹாஸ்டல் வாசலில் நின்ற வண்டிகளைச் சத்தத்தை வைத்தே சொல்வோம். இரட்டைச் சைலன்சர் என்றால் யெஸ்டி. வெட்டுக்கிளி மாதிரிக் கத்தினால் ஆர்எக்ஸ். எதுவும் என்னுடையது அல்ல. பின் சீட்டில் உட்கார்ந்து வெள்ளாற்றுப் பாலம் வரை போய்வந்ததோடு சரி.

1996இல் மைசூர் தொழிற்சாலை மூடியது. புகை விதிகள் இறுக, அதே ஆண்டில் ஆர்எக்ஸ் 100ம் நின்றது. ராஜ்தூத் 350 அதற்கு முன்பே போய்விட்டது. எந்த வண்டி இனி வராது என்று தெரிந்ததோ, அதற்கு விலை ஏறியது. புதிதில் 20,000 ரூபாய்க்குள் இருந்த ஆர்எக்ஸ் 100க்கு இப்போது நல்ல நிலையில் இருந்தால் லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். 1998இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் மோட்டார் சைக்கிளையே கலைப்பொருளாக வைத்துக் கண்காட்சி நடத்தியது. இங்கிலாந்தில் 50 ஆண்டுகளுக்கு மேல் கொட்டகையில் பாகம் பாகமாகக் கிடந்த எட்டு பிரஃப் சுப்பீரியர் வண்டிகள் 2016 ஏலத்தில் ஏழு லட்சம் பவுண்டுக்கு மேல் போயின. இந்த மாதிரிச் செய்திதான் எங்களைக் கெடுப்பது. ஒவ்வொரு துருப்பிடித்த டேங்க்கும் பிரஃப் சுப்பீரியராகத் தெரியும்.

நான் முதல் ஆர்எக்ஸை 2006இல் வாங்கினேன். இரண்டாவது ஆர்எக்ஸை வாங்கியது முதலாவதற்காக. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பேய் வரிசையின் ரகசியமே இதில்தான் இருக்கிறது. கம்பெனி மூடிய வண்டிக்கு ஒரிஜினல் பாகம் வராது. சந்தையில் கிடைப்பது டூப்ளிகேட். ஒரிஜினல் கார்புரேட்டரோ கிராங்கோ வேண்டுமென்றால் இன்னொரு முழு வண்டியை வாங்கிக் கழற்றுவதுதான் மலிவு. கழற்றியபின் மிச்சத்தை எறிய மனம் வராது, நாளைக்கு ஆகும். அப்படி மூன்று வண்டி வைத்திருப்பவனிடம் உண்மையில் ஐந்து வண்டி இருக்கும். உச்சத்தில் என்னிடம் ஏழு இருந்தன. என் வீட்டம்மா பால்கனியில் துளசி மாடம் வைக்கக் கேட்ட இடத்தில் ஆறு ஆண்டுகள் இரண்டு பெட்ரோல் டேங்க்கும் ஒரு சைலன்சரும் இருந்தன.

நிற்கிற வண்டிக்குச் செலவில்லை என்று நினைக்காதீர்கள். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டி சீக்கிரம் கெடும். டயர் நின்ற இடத்திலேயே வெடிப்பு விடும், பேட்டரி செத்துப்போகும், டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் சீல் காய்ந்துவிடும். கடலூரில் உப்புக்காற்று வேறு. சிதம்பரத்தில் ரேழியில் பளபளத்த கிரோமியம் இங்கே இரண்டே மழைக்காலத்தில் புள்ளி விட்டது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்க்கில் நின்றால் உள்ளே துருப்பிடிக்கும், பழைய கார்புரேட்டரின் ரப்பர் உப்பிப்போகும்.

காகிதச் செலவையும் சொல்லிவிடுகிறேன். 150 முதல் 350 சிசி வரையான வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 1,366 ரூபாய், 75 முதல் 150 சிசி வரை 714. என் புல்லட், யெஸ்டி, ஒரு ஆர்எக்ஸ் மூன்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 4,066 ரூபாய். ஆர்.சி.யை 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டிக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய். பசுமை வரியும் புகைச் சான்றிதழும் தனி. 50 ஆண்டு கடந்த வண்டியென்றால் 2021 விதிப்படி ‘விண்டேஜ்’ என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். ஆனால் கண்காட்சி, பேரணி மாதிரியானவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். காய்கறி வாங்க எடுத்துப் போக முடியாது. அப்பாவின் புல்லட்டுக்கு அந்த வயது வந்துவிட்டது. இன்னும் முடிவெடுக்கவில்லை.

இதெல்லாம் என் பணம், என் பாடு. தரைத்தளம் மட்டும் அப்படி அல்ல. அது எல்லோருடையதும். 2015 மழையில் கடலூர் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். நம் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிய அன்று ஓடுகிற வண்டிகளை மேட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். ஓடாதவை பிரேக் பிடித்து, டயர் தரையில் ஒட்டி, அசையவே இல்லை; மற்றவர்கள் வண்டியை வெளியே எடுக்கும் வழியில் குறுக்கே நின்றன. அதில் என் யெஸ்டியும் ஒன்று. அன்று செக்யூரிட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

தண்ணீரைவிட எனக்குப் பயம் தீ. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே உள்ள தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்தில் 2003 செப்டம்பரில் தீப்பிடித்தது. சரியாக அணைக்காத ஒரு சிகரெட்தான் காரணம் என்றார்கள். நூற்றுக்கணக்கான அரிய வண்டிகள் எரிந்தன. மேலிருந்து தானே தண்ணீர் தெளிக்கும் அமைப்பு அங்கே இல்லை. திரும்பக் கட்டும்போதுதான் வைத்தார்கள். நம் தரைத்தளத்தில் மீட்டர் போர்டு எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். என் இரண்டாவது ஆர்எக்ஸுக்கும் அதற்கும் நடுவே நான்கடி. அந்த டேங்க்கில் பழைய பெட்ரோல் இருந்தது என்பதைப் போன வாரம்தான் பார்த்தேன். வடித்துவிட்டேன்.

மற்ற ஏழு வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எடைக்குப் போடுவதானால் நம்பரோடு பழைய இரும்புக் கடையில் தள்ளிவிடாதீர்கள். இனி ஓட்டவே முடியாது என்று ஆன வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவு சொல்கிறது. செய்யாவிட்டால் அந்த நம்பரில் நாளை எது நடந்தாலும் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள்.

ஓட்டவே ஓட்டாதவற்றைக் கமிட்டி கயிறு கட்டி இழுத்துப் போகும் என்ற பேச்சு இருக்கிறது. முதலில் உரிமையாளருக்கு எழுதிக் கேளுங்கள், மூன்று மாதம் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். எங்களில் சிலருக்கு அது அப்பாவின் வண்டி.

என் பங்கு இது. யெஸ்டியை மைசூரில் ஒருவர் கேட்டிருக்கிறார், இம்மாதக் கடைசிக்குள் ஏற்றிவிடுவேன். ஓடுகிற ஆர்எக்ஸும் புல்லட்டும் என் சொந்தப் பார்க்கிங் கோட்டுக்குள் வந்துவிடும். காருக்குப் பக்கத்தில் இடிக்காமல் நிற்கிறதா என்று சாக்பீஸால் வரைந்து பார்த்துவிட்டேன், நிற்கிறது. கழற்றிப் போட்ட ஆர்எக்ஸை ஸ்கிராப்புக்கு அனுப்புகிறேன். அதற்கு முன் பாகம் வேண்டியவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கீழே வாருங்கள். சைடு பேனல் இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஹெட்லைட் கண்ணாடியும் ஒரிஜினல்.